குழந்தைகளின் கேள்விகள் ஓர் அமானிதம்

 

 

"அத்தா, நிலா ஏன் நம்ம வண்டி கூடவே வருது?" "அம்மா, எறும்பு எங்கே தூங்கும்?" "அல்லாஹ்வை நம்மால ஏன் பார்க்க முடியலை?" இப்படி ஒரு கேள்வியாவது கேட்காத பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை. அதற்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? "சும்மா இரு." "போய்ப் படி." "இதெல்லாம் உனக்கு இப்போ எதுக்கு?" கேள்வி மார்க்கத்தைப் பற்றியதாக இருந்தால், "அப்படியெல்லாம் கேட்டால் பாவம்" என்று ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறோம்.

பத்து வருடம் கழித்து அதே பெற்றோர் பள்ளிவாசலுக்கு வந்து இமாமிடம் முறையிடுகிறார்கள்: "ஹஜ்ரத், பையன் எங்களிடம் எதுவும் பேசுவதில்லை. எது கேட்டாலும் 'ஒன்றுமில்லை' என்கிறான். எப்போதும் போனும் கையுமாக இருக்கிறான். அவனுக்காக துஆ செய்யுங்கள்." துஆ அவசியம்தான். ஆனால் அந்தப் பிள்ளை ஐந்து வயதில் கேட்க வந்தபோது அடைத்த கதவை, பதினைந்து வயதில் நாம் எவ்வளவு தட்டினாலும் எளிதில் திறக்க முடியாது.

குழந்தையின் அறியும் ஆவல் அல்லாஹ் அதன் உள்ளத்தில் வைத்து அனுப்பிய ஓர் அமானிதம். அதை எப்படிப் பாதுகாப்பது, மடியில் இருக்கும் பருவம் முதல் ஐந்தாம் வகுப்பு வரை அதை எப்படி வளர்ப்பது என்பதைத்தான் இந்த வாரம் சிந்திக்க இருக்கிறோம்.

கற்பதற்கான கருவிகளோடு பிறக்கும் குழந்தை

அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:78) அல்லாஹ் நமக்கு ஒன்றை நினைவூட்டுகிறான். நம் தாய்மார்களின் வயிற்றிலிருந்து நாம் வெளிவந்தபோது எதையும் அறியாதவர்களாக இருந்தோம். அவன்தான் நமக்குச் செவியையும் பார்வைகளையும் உள்ளங்களையும் தந்தான். நாம் நன்றி செலுத்த வேண்டும் என்பதற்காகவே தந்தான்.

இந்த வசனத்தில் இருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அறியாமை, அடுத்துக் கருவிகள், முடிவில் நன்றி. அறிவை நிரப்பிய நிலையில் அல்லாஹ் நம்மை அனுப்பவில்லை. அறிவைத் தேடிக்கொள்ளும் கருவிகளோடு அனுப்பினான். கேட்பதும் பார்ப்பதும் சிந்திப்பதும் குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுத்து வருபவை அல்ல. அவை படைத்தவன் கொடுத்தவை. கொடுக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்துவதுதான் அதற்கு நன்றி. அப்படியானால் குழந்தை அதைப் பயன்படுத்தும்போது தடுப்பவர் எதைத் தடுக்கிறார் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நடப்பட்டன, பூமி எப்படி விரிக்கப்பட்டது என்று பார்க்க மாட்டார்களா என அல்காஷியா அத்தியாயத்தில் (88:17-20) அல்லாஹ் கேட்கிறான். 'எப்படி' என்று வியந்து பார்க்கும்படி பெரியவர்களுக்கு நினைவூட்டப்படுகிறது. குழந்தைக்கோ நினைவூட்டத் தேவையில்லை. அதன் வாயில் வருவதே 'எப்படி', 'ஏன்' என்ற சொற்கள்தான்.

மடியில் இருக்கும் பருவம்: கையால் கேட்கும் கேள்வி

பேச்சு வராத குழந்தை கையால் கேட்கிறது, வாயால் சோதிக்கிறது. எட்டு மாதக் குழந்தை கரண்டியைக் கீழே போடுகிறது. நாம் எடுத்துக் கொடுக்கிறோம். மறுபடியும் போடுகிறது. "குறும்பு" என்கிறோம். உண்மையில் அது படித்துக்கொண்டிருக்கிறது: போட்டால் விழுமா, ஒவ்வொரு தடவையும் விழுமா, சத்தம் வருமா, அம்மா எடுத்துத் தருவார்களா?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 11 மாதக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. ஒரு பொருள் சுவரை ஊடுருவிச் செல்வது போலச் சில குழந்தைகளுக்குக் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு, ஆதாரமே இல்லாமல் ஒரு பொருள் அந்தரத்தில் நிற்பது போலக் காட்டினார்கள். பிறகு அந்தப் பொருளைக் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைப் பார்த்த குழந்தைகள் அதை மேசையில் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்த குழந்தைகள் அதைக் கீழே போட்டுப் பார்த்தன. நடை பழகாத வயதிலேயே, தன்னை வியக்கவைத்த விஷயம் எதுவோ அதற்குப் பொருத்தமான சோதனையைக் குழந்தை செய்கிறது. சுப்ஹானல்லாஹ்! பார்வையையும் உள்ளத்தையும் தந்தேன் என்று அல்லாஹ் சொல்வதன் ஒரு சிறு காட்சி இது.

இப்போது நபி (ஸல்) அவர்களின் சபைக்கு வாருங்கள். ஹபஷா நாட்டிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் சிறுமி உம்மு காலித் (ரலி), மஞ்சள் சட்டை அணிந்து தந்தையோடு அண்ணலாரிடம் வந்தார்கள். அந்தச் சிறுமிக்குப் பழக்கமான ஹபஷா மொழியிலேயே, சட்டை அழகாக இருக்கிறது என்று நபியவர்கள் சொன்னார்கள். சிறுமியின் கண்ணோ நபியவர்களின் இரு தோள்களுக்கு இடையில் இருந்த நபித்துவ முத்திரை மீது சென்றது. அதைத் தொட்டு விளையாட ஆரம்பித்துவிட்டார். தந்தை பதறிப்போய் அதட்டினார். நபியவர்கள் தடுத்தது சிறுமியை அல்ல, தந்தையை. அவளை விட்டுவிடுங்கள் என்றார்கள். பிறகு அந்தச் சிறுமியின் நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்தித்தார்கள். (புகாரி)

உலகிலேயே மிகக் கண்ணியமான மேனி அது. அதைத் தொட்டுப் பார்த்த பிஞ்சுக் கையைக்கூட நபியவர்கள் தட்டிவிடவில்லை. நம் வீட்டு அலமாரியும் சோபாவும் அதைவிடக் கண்ணியமானவையா?

தாய்மார்களே! இந்தப் பருவத்தில் குழந்தைக்கு விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. ஒரு டம்ளர், மரக் கரண்டி, மூடியுள்ள டப்பா, துணித்துண்டு, கண் பார்வையில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் போதும். உங்கள் குரல்தான் அதற்குப் பெரிய பாடம். சட்டை போடும்போது, சோறு ஊட்டும்போது, மாடியில் காக்கையைக் காட்டும்போது பேசிக்கொண்டே செய்யுங்கள். தொடக்கூடாதவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்: மருந்து, நாணயம், பட்டன் பேட்டரி, ஊசி, சுவிட்ச் போர்டு, தண்ணீர் நிறைந்த வாளி. அவற்றை எடுத்துவிட்டால் நாள் முழுக்க "தொடாதே, தொடாதே" என்று சொல்ல வேண்டி வராது.

சோறு ஊட்ட செல்போனைக் கொடுப்பது இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. திரையில் எல்லாம் தானாக நகர்கிறது. தட்டிப் பார்க்கவோ போட்டுப் பார்க்கவோ அதில் ஒன்றுமில்லை. அல்லாஹ் கொடுத்த கருவி அங்கே சும்மா கிடக்கிறது.

மூன்று வயது முதல்: 'ஏன்' பருவம்

பேச்சு வந்தவுடன் கேள்விகள் கொட்ட ஆரம்பிக்கும். இந்த வயதுக் குழந்தைகளிடம் நபி (ஸல்) அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி ஒரு சிறு பையன். அபூ உமைர் என்று அழைப்பார்கள். அவன் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடுவான். நபியவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போது அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவி என்ன ஆனது என்று விசாரிப்பார்கள். (புகாரி, முஸ்லிம்) ஒரு சமுதாயத்தின் தலைவர், எத்தனையோ பொறுப்புகளைச் சுமப்பவர், ஒரு சிறுவனின் குருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். குழந்தை எதில் ஆசையாக இருக்கிறதோ அங்கிருந்து பேச்சைத் தொடங்கினார்கள். நம் பிள்ளையிடம் நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: "சாப்பிட்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா?"

இரண்டாவது சம்பவம். பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது ஸதகா பேரீச்சம் பழங்களில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார்கள். அதை உடனே வெளியே எடுக்கச் செய்தார்கள் நபியவர்கள். விஷயம் அதோடு முடியவில்லை. நாம் ஸதகாவை உண்பதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று காரணத்தையும் சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்) ஹராமைத் தடுப்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சிறு குழந்தைதானே என்று காரணத்தை மறைக்கவும் இல்லை.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைப் பாருங்கள் (31:13-19). பாசத்தோடு மகனே என்று அழைக்கிறார்கள். இணை வைக்காதே என்று சொல்லும்போது, அது ஏன் பெரிய அநியாயம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் அறிவை விளக்கும்போது, பாறைக்குள் மறைந்திருக்கும் கடுகளவு பொருளைக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். குரலைத் தாழ்த்து என்று சொல்லும்போது கழுதையின் சத்தத்தை நினைவூட்டுகிறார்கள். ஒரு பிள்ளைக்குப் புரியும்படி, கண்ணால் பார்த்த பொருளையும் காதால் கேட்ட சத்தத்தையும் வைத்துப் பாடம் நடக்கிறது.

ஆகவே பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், வயதுக்குத் தக்க ஒரு வரிக் காரணம் சொல்லுங்கள். "மருந்தைத் தொடாதே" என்பதோடு, "அது பெரியவங்க அளவுக்குச் செய்தது, உன் வயித்தைக் கெடுத்துடும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பள்ளிக்கூடம் செல்லும் வயது: பதிலை முந்திக் கொடுக்காதீர்கள்

ஆறு வயதுக்குப் பிறகு ஒரு மாற்றம் வருகிறது. அதுவரை கேள்வி கேட்ட பிள்ளை, இப்போது பதில் சொல்லும் பிள்ளையாகிவிடுகிறது. பள்ளியில் கேள்வி கேட்பவர் ஆசிரியர், மக்தபில் கேட்பவர் உஸ்தாத், வீட்டில் கேட்பவர் பெற்றோர். சரியான பதிலுக்கு மதிப்பெண் உண்டு. நல்ல கேள்விக்கு எங்கேயும் மதிப்பெண் இல்லை. பிள்ளைகள் புத்திசாலிகள், மதிப்பில்லாததை விட்டுவிடுகிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் பாடம் நடத்திய முறை வேறு. ஒரு நாள் தோழர்களிடம் ஒரு புதிர் போட்டார்கள். மரங்களில் ஒன்று உண்டு, அதன் இலைகள் உதிர்வதில்லை, அது முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று கேட்டார்கள். எல்லோருடைய எண்ணமும் காட்டு மரங்களின் பக்கம் சென்றது. கூட்டத்தில் சிறியவரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனதில் அது பேரீச்ச மரம் என்று பட்டது. ஆனால் பெரியவர்கள் மௌனமாக இருக்கும்போது தாம் எப்படிப் பேசுவது என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டார்கள். கடைசியில் அது பேரீச்ச மரம்தான் என்று நபியவர்களே சொன்னார்கள். பிறகு தந்தையிடம் இதைச் சொன்னபோது, நீ சபையில் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வங்களைவிட அது எனக்குப் பிரியமாக இருந்திருக்கும் என்று உமர் (ரலி) அவர்கள் மனம் திறந்து சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்)

இதில் நமக்கு மூன்று பாடங்கள். பதிலை நேராகச் சொல்லாமல் முதலில் யோசிக்க வைத்தார்கள். அந்தச் சபையில் சிறுவருக்கும் இடம் இருந்தது. "பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தாயே, நல்ல பிள்ளை" என்று தந்தை பாராட்டவில்லை. பேசியிருக்கலாமே என்று ஏங்கினார்கள். மரியாதை என்ற பெயரில் பிள்ளையை ஊமையாக்குவது உமர் (ரலி) அவர்களின் வளர்ப்பு முறை அல்ல.

யோசிக்க வைப்பதன் பலனைக் காட்டும் ஓர் ஆய்வு 2011-இல் அமெரிக்காவில் வெளியானது. மறைவான நான்கு வேலைகள் செய்யும் ஒரு விளையாட்டுப் பொருளைச் சிறு குழந்தைகளிடம் கொடுத்தார்கள். "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஆசிரியர் போல ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அப்படிச் சொல்லித்தராமல் விடப்பட்ட குழந்தைகள் தாமே துருவி, மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். கற்பிப்பது வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. தஜ்வீதும் தொழுகை முறையும் சொல்லிக்கொடுத்துத்தான் வரும். ஆனால் எல்லாவற்றையும் நாமே முந்திச் சொல்லிவிட்டால், இதற்கு மேல் தேட ஒன்றுமில்லை என்று பிள்ளை நினைத்துவிடுகிறது.

பரிசு விஷயத்திலும் கவனம் தேவை. 1973-இல் வெளியான பிரபலமான ஆய்வு ஒன்றில், படம் வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு இல்லாத நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பிள்ளை ஆசையாகச் செய்வதற்கு விலை பேசாதீர்கள். செய்து முடித்த பிறகு மகிழ்ச்சியோடு ஒன்று கொடுங்கள், கட்டி அணைத்து துஆ செய்யுங்கள்.

அடியும் அதட்டலும் இன்னும் மோசம். கடுமையோடு வளர்க்கப்படும் பிள்ளை உற்சாகம் இழந்து, பொய்யையும் தந்திரத்தையும் பழகிக்கொள்ளும் என்று அறிஞர் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் எச்சரிக்கிறார். பாடம் முடிந்த பிறகு பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பிலேயே அழுத்தினால் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். இமாமவர்கள் மறைந்தது 1111-இல். மாலை பள்ளி விட்டு வந்ததும் டியூஷன், மக்தப், மறுபடி ஹோம்வொர்க் என்று பிள்ளையை ஓட்டும் நமக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட அறிவுரை இது.

ஆவல் ஓர் அறிஞரை உருவாக்கிய விதம்

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் இரவில் எப்படித் தொழுகிறார்கள் என்று அறிய ஆசைப்பட்டு, சிறுவராக இருக்கும்போதே தம் சிறிய தாயாரும் நபியவர்களின் மனைவியுமான மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். நபியவர்கள் எழுந்து உளூ செய்து தொழ நின்றபோது, தாமும் எழுந்து உளூ செய்து இடப்பக்கம் போய் நின்றார்கள். நபியவர்கள் "இந்த நேரத்தில் தூங்காமல் என்ன?" என்று விரட்டவில்லை. மெதுவாகப் பிடித்து வலப்பக்கம் நிறுத்திக்கொண்டு தொழுகையைத் தொடர்ந்தார்கள். (புகாரி, முஸ்லிம்) தவறு திருத்தப்பட்டது, ஆவல் அணைக்கப்படவில்லை.

நபியவர்கள் வஃபாத்தானபோது இப்னு அப்பாஸுக்குச் சுமார் பதின்மூன்று வயது. அதன் பிறகு ஒரு ஹதீஸுக்காக அன்ஸாரித் தோழர்களின் வீட்டு வாசலில், நண்பகல் வெயிலில், போர்வையைத் தலைக்கு வைத்துக் காத்துக்கிடந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்தவர்களின் சபையில் இந்த இளைஞரையும் அமர வைத்து, அந்நஸ்ர் அத்தியாயத்தின் கருத்தைக் கேட்டார்கள். (புகாரி) இந்த அறிவை எப்படிப் பெற்றீர்கள் என்று பின்னாளில் அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதிகம் கேட்கும் நாவையும் சிந்திக்கும் உள்ளத்தையுமே காரணமாகச் சொன்னார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. இந்தச் சமுதாயத்தின் மாபெரும் குர்ஆன் விரிவுரையாளர், ஒரு காலத்தில் இரவில் தூங்காமல் வேடிக்கை பார்த்த சிறுவர்தான்.

கேள்வி கேட்பது தடுக்கப்பட்டதுதானே?

சிலருக்கு இந்தச் சந்தேகம் வரும். வெளிப்படுத்தப்பட்டால் உங்களுக்கு வருத்தம் தரும் விஷயங்களைக் கேட்காதீர்கள் என்று குர்ஆனில் (5:101) உள்ளது. முன்னிருந்தவர்கள் அதிகக் கேள்விகளால் அழிந்தார்கள் என்ற ஹதீஸும் உள்ளது. (புகாரி, முஸ்லிம்) உண்மைதான். ஆனால் அங்கே கண்டிக்கப்பட்டது எந்தக் கேள்வி? கட்டளையை நிறைவேற்றாமல் இழுத்தடிக்கக் கேட்பது, நபிமார்களோடு முரண்டு பிடிக்கக் கேட்பது. பசு மாட்டை அறுக்கச் சொன்னபோது பனூ இஸ்ராயீல்கள் கேட்டது அப்படிப்பட்ட கேள்வி.

அறிந்துகொள்ளக் கேட்பது அதிலிருந்து வேறுபட்டது. தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தெரியாமல் சிலர் குளிக்கச் சொல்லி அவர் இறந்துவிட்டார். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்று நபியவர்கள் கோபப்பட்டார்கள். (அபூதாவூத்) ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்குப் புரியாத எதைக் கேட்டாலும் புரியும் வரை திரும்பக் கேட்பார்கள். (புகாரி) இப்ராஹீம் (அலை) அவர்கள் இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று அல்லாஹ்விடமே கேட்டார்கள். நம்பவில்லையா என்று கேட்கப்பட்டபோது, நம்புகிறேன், என் உள்ளம் நிம்மதி அடைய வேண்டும் என்றார்கள். அல்லாஹ் பறவைகளைக் கொண்டு அதைக் காட்டினான் (2:260). உள்ளத்தின் நிம்மதிக்காகக் கேட்பது ஈமானுக்கு எதிரானதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிள்ளைகளிடம் நாம் அதிகம் பயப்படும் கேள்வி ஒன்று உண்டு: "எல்லாத்தையும் அல்லாஹ் படைச்சான், அல்லாஹ்வை யார் படைச்சது?" கேட்டவுடன் வாயில் அடிக்கிறோம். இந்தக் கேள்வி உள்ளங்களில் எழும் என்பதை நபியவர்களே முன்னறிவித்து, அப்போது அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, அந்த எண்ண ஓட்டத்தை நிறுத்திவிடும்படி கற்றுத்தந்தார்கள். (புகாரி, முஸ்லிம்) வெளியே சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று தோழர்கள் முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று ஆறுதல் சொன்னார்கள். (முஸ்லிம்) ஆகவே பிள்ளையை அருகில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "ஆரம்பம் இருக்கிற பொருளுக்குத்தான் செய்தவர் ஒருத்தர் வேணும். அல்லாஹ்வுக்கு ஆரம்பமே இல்லை. அவன் யாராலும் பெறப்படலை, அவனைப் போல யாருமில்லை. அதைத்தான் நீ தினமும் ஓதுற குல்ஹுவல்லாஹு சூரா சொல்லுது." ஏழு வயதுக்கு இது போதும். ஏழு வயதில் இதைக் கேட்டு அடி வாங்கிய பிள்ளை, பதினேழு வயதில் இதே கேள்வியை யூடியூபில் கேட்கும். அங்கே பதில் சொல்பவர் யார், அவர் நோக்கம் என்ன என்பது நமக்குத் தெரியாது.

"தெரியாது" என்று சொல்வது குறையல்ல

பல பெற்றோர் கேள்வியைத் தட்டிக்கழிப்பதற்குக் காரணம் பதில் தெரியாததுதான். ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து நபியவர்களிடம் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றிக் கேட்டார்கள். மறுமை நாள் எப்போது என்று கேட்டபோது, கேட்கப்பட்டவர் கேட்டவரைவிட அதிகம் அறிந்தவர் அல்லர் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். வந்தவர் போன பிறகு, அவர் ஜிப்ரீல், உங்களுக்கு மார்க்கத்தைக் கற்றுத்தர வந்தார் என்றார்கள். (முஸ்லிம்) மார்க்கமே கேள்வி பதிலாகக் கற்பிக்கப்பட்டது. அதில் "அறியேன்" என்ற பதிலும் பாடமாக இருந்தது.

"அத்தாவுக்குத் தெரியலைம்மா, வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். புத்தகத்தில் பாருங்கள், ஆலிமிடம் கூட்டிச் செல்லுங்கள். இதனால் பிள்ளையின் கண்ணில் உங்கள் மரியாதை குறையாது. பெரியவர்களும் கற்கிறார்கள் என்பதை அது அன்றுதான் தெரிந்துகொள்ளும்.

இந்த வாரமே தொடங்க வேண்டியவை

1. நாளொன்றுக்குப் பத்து நிமிடமாவது போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். நீங்கள் கேட்பதைக் குறைத்து, பிள்ளையைக் கேட்க விடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் "இன்னைக்கு நீ என்ன கேள்வி கேட்டே?" என்று விசாரியுங்கள்.

2. கேள்வி வந்தவுடன் பதில் சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறே?" என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். தவறான பதில் வந்தால் சிரிக்காதீர்கள்.

3. வேலையாக இருந்தால் "மஃரிபுக்குப் பிறகு சொல்றேன்" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். சொன்னபடி நீங்களே நினைவூட்டிப் பதில் கொடுங்கள். கொடுத்த வாக்கு பிள்ளையிடமும் வாக்குதான்.

4. வணக்கங்களையே பாடமாக்குங்கள். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு, ளுஹருக்கும் அஸருக்கும் அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். பிறை ஒன்றிலிருந்து ஒரு மாதம் முழுதும் நிலாவைப் பார்த்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். நபியவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில், அதாவது இரு கைகளால் அள்ளும் அளவில், உளூ செய்தார்கள் என்று ஹதீஸ் உண்டு (புகாரி, முஸ்லிம்). நம் குழாயில் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு வாளியை வைத்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் என்பதை உண்டியல் காசை வைத்துக் கணக்குப் போடட்டும்.

5. மக்தப் உஸ்தாதுமார்கள் பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் பிள்ளைகளின் கேள்விக்கு ஒதுக்குங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசலில் சிறுவர் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி வையுங்கள். தொழுகைக்கு வரும் பிள்ளை தூணையும் விளக்கையும் அண்ணாந்து பார்த்தால் அதட்டி வெளியே அனுப்பாதீர்கள்.

6. பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்று பார்க்காதீர்கள். புரியும் வரை விடாமல் கேட்டவர்கள் நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அன்பானவர்களே! யூசுஃப் (அலை) அவர்கள் சிறுவராக இருந்தபோது ஓர் அபூர்வமான கனவு கண்டார்கள். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிவதாகக் கண்ட அந்தக் கனவைச் சொல்வதற்கு முதலில் ஓடியது தந்தையிடம். யஃகூப் (அலை) அவர்கள் "ஏதோ கனவு, போய் விளையாடு" என்று அனுப்பவில்லை. கேட்டார்கள், அன்போடு மகனே என்று அழைத்தார்கள், வரவிருக்கும் ஆபத்தை எச்சரித்தார்கள், நன்மாராயமும் சொன்னார்கள் (12:4-6). தந்தை காது கொடுப்பார் என்று தெரிந்ததால்தான் பிள்ளை ஓடி வந்தது. அதனால்தான் எச்சரிக்க வேண்டியதை உரிய நேரத்தில் எச்சரிக்கவும் முடிந்தது.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் பெரிய கேள்விகள் வரும். ஈமானில் சந்தேகம், நண்பர்களின் வற்புறுத்தல், யாரோ தவறாக நடந்துகொண்டதைச் சொல்ல முடியாத பயம் எல்லாம் வரும். அன்று அவர்கள் நம்மிடம் வருவார்களா என்பதை, இன்று அவர்கள் எறும்பைப் பற்றிக் கேட்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு நீ தந்த செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் பாதுகாத்துத் தருவாயாக! அவர்களின் கேள்விகளைச் சலிப்பின்றிக் கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக! பயனுள்ள கல்வியை எங்களுக்கும் அவர்களுக்கும் அதிகமாக்குவாயாக! அவர்களை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.